சர்வர் திணறும்போது எங்கே பார்ப்பது? டிடாஸ் தாக்குதலைக் கண்டுபிடித்து நிறுத்தப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் போக்குவரத்தைக் கொட்டி ஒரு சர்வரை யாருக்கும் கிடைக்காமல் செய்வதுதான் டிடாஸ். "டிடாஸ் அட்டாக்" என்று பதறிக்கொண்டு என்னைக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் அட்டாக்கே நடந்திருக்கவில்லை. ஒருவருக்கு டிஸ்க் நிரம்பியிருந்தது. இன்னொருவருக்கு ராத்திரி ஓட வேண்டிய பேக்கப் பகலில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அலுவலகத்தில் யாரோ ஒரு கேபிளின் இரண்டு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். பாக்கெட்டுகள் உள்ளேயே வட்டமடித்து, வெளியிலிருந்து ஒருவரும் தொடாமலே மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிட்டது.

மீதிப் பேருக்கு நடந்தது நிஜத் தாக்குதல்தான். ஆனால் நான் போய்ச் சேர்வதற்குள் அவர்களில் பலர் சர்வரை மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து, கண்ணில் பட்ட ஐபியை எல்லாம் தடுத்து, தடயத்தையும் அழித்து, சொந்த வாடிக்கையாளர்களையும் வெளியே தள்ளியிருந்தார்கள். எங்கே நெரிகிறது என்று தெரியாமல் வைத்தியம் பார்த்தால் இப்படித்தான் ஆகும். ஒன்றிரண்டு லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் பத்து நிமிடம் கண் மட்டும் வேலை செய்யட்டும், கை அப்புறம். கட்டளைகளை நாம் வாயால் சொல்லிக்கொள்ளும் விதத்திலேயே எழுதியிருக்கிறேன்.

பந்தியைக் கெடுக்கும் வழிகள்

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். விருந்தைக் கெடுக்க நினைப்பவனுக்கு வழி மூன்று. மண்டபத்துக்கு வரும் தெருவையே லாரிகளை நிறுத்தி அடைக்கலாம். "இதோ வந்துவிடுகிறோம், இடம் போட்டு வையுங்கள்" என்று ஆயிரம் பேர் வாசலில் சொல்லிவிட்டு வராமலே இருந்துவிடலாம். அல்லது உள்ளே வந்து இலைமுன் உட்கார்ந்தும் தொல்லை கொடுக்கலாம். இதிலும் இரண்டு தினுசு. நேரம் பிடிக்கும் பதார்த்தமாகக் கேட்டுக் கேட்டுச் சமையல்காரரை ஓட வைப்பவர் ஒரு ரகம். சாதத்தைப் பிசைந்தபடியே ஒரு பருக்கையும் வாயில் வைக்காமல், எழுந்திருக்கவும் செய்யாமல் இலையைப் பிடித்துக்கொண்டிருப்பவர் இன்னொரு ரகம்.

தெருவை அடைப்பது பேண்ட்வித்தை நிரப்பும் தாக்குதல். இடம் பிடித்துவிட்டு வராதது சின் ஃபிளட். இலைமுன் நடப்பது அப்ளிகேஷன் மீதான தாக்குதல். தெருவில் அடைப்பு இருக்கும்போது சமையற்கட்டில் ஆளைக் கூட்டி ஒரு பயனும் இல்லை. பின்னால் வரும் எல்லாமே எது அடைபட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காகத்தான்.

உள்ளே நுழைவது

தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய வழக்கமாகப் பயன்படுத்தும் எஸ்எஸ்ஹெச் கிடைக்காவிட்டால் கலங்க வேண்டாம். ஹோஸ்டிங் பேனலில் கன்சோல் என்று ஒன்று இருக்கும். அது பெரும்பாலும் வேறு பாதையில் வருவதால் நெரிசலிலும் திறக்கும். சொந்த சர்வர் என்றால் ஐபிஎம்ஐ, அதாவது மதர்போர்டிலேயே இருக்கும் தனி நிர்வாக வழி. அலுவலக லிங்க்கே அடைபட்டிருந்தால் மொபைல் ஹாட்ஸ்பாட்டிலிருந்து உள்ளே போங்கள். இந்தக் கன்சோலின் பாஸ்வேர்டை அமைதியான ஒரு நாளில் ஒருமுறையாவது போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அட்டாக் நடக்கும்போது "ஃபர்காட் பாஸ்வேர்ட்" அழுத்தினால், அந்த மெயில் வந்து சேர வேண்டிய மெயில் சர்வரும் இதே பெட்டியில்தான் இருக்கும்.

உள்ளே போனதும் முதலில் இன்டர்ஃபேஸ் கணக்கு. "சார்" என்று ஒரு கருவி இருக்கிறது, மரியாதைச் சொல் அல்ல. "சார் மைனஸ் என் டெவ் 1" என்று அடித்தால் நொடிக்கு எத்தனை பாக்கெட், எத்தனை கிலோபைட் வருகிறது என்று வரிசையாகக் காட்டும். இரண்டையும் சேர்த்தே பாருங்கள். பைட்டைப் பாக்கெட்டால் வகுத்தால் ஒரு பாக்கெட்டின் சராசரி அளவு கிடைக்கும். புதியவர்கள் விட்டுவிடும் கணக்கு இது. பாதி நோய் இதிலேயே தெரிந்துவிடும்.

நொடிக்கு 80,000 பாக்கெட், 48 லட்சம் பைட் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 60 பைட். மொத்தம் 38 மெகாபிட்தான், 100 மெகாபிட் லிங்க் பாதிகூட நிரம்பவில்லை. "பேண்ட்வித் மிச்சம் இருக்கிறதே" என்று வரைபடத்தைப் பார்த்து ஏமாந்துபோவது இங்கேதான். பொடிப்பொடி பாக்கெட்டுகள் இவ்வளவு வேகத்தில் வந்தால் சின் ஃபிளட் என்று சந்தேகப்படலாம். மாறாக நொடிக்கு 8,500 பாக்கெட்தான், ஆனால் ஒவ்வொன்றும் 1,400 பைட் என்றால் 95 மெகாபிட் ஆகிவிடும், குழாய் நிரம்பிவிட்டது. இது பெரும்பாலும் யுடிபி பெருக்கத் தாக்குதல் (சின்னக் கேள்விக்குப் பெரிய பதிலை உங்கள் மேல் விழ வைப்பது, பின்னால் வருகிறது). இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: குழாய் நிரம்பியபின் உங்கள் சர்வரில் தெரிவது அதற்குள் நுழைய முடிந்த அளவு மட்டும். வெளியே எவ்வளவு மோதுகிறது என்பது லிங்க் கொடுத்தவரின் ரவுட்டருக்குத்தான் தெரியும்.

அடுத்து "டாப்". மேலே சிபியு வரியில் "எஸ்ஐ" என்ற எண் எகிறி, பட்டியலின் உச்சியில் "கே-சாஃப்ட்-ஐஆர்க்யூ-டி" நின்றால் பாக்கெட்டுகளை வாங்கிப் போடுவதிலேயே கர்னல், அதாவது லினக்ஸின் மையப்பகுதி, களைத்துப்போயிருக்கிறது. பிஹெச்பியும் மைஎஸ்கியூஎல்லும் உச்சியில் இருந்தால் அடி சமையற்கட்டில். சிபியு சும்மா, லிங்க்கும் சும்மா, ஆனாலும் சைட் வரவில்லை என்றால் இலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆசாமியைத் தேடுங்கள்.

பிறகு "எஸ்எஸ் மைனஸ் எஸ்". மொத்தக் கனெக்‌ஷன் எத்தனை என்று தெரியும். "சின்-ரிசீவ்டு" நிலையில் இருப்பவற்றைத் தனியாக எண்ணுங்கள். சாதாரண நாளில் விரல் விட்டு எண்ணலாம். ஆயிரக்கணக்கில் நின்றால் வேறு சாட்சி தேவையில்லை. "டி-மெசேஜ்" அடித்து கடைசி வரிகளையும் படியுங்கள். "பாசிபிள் சின் ஃபிளடிங்" என்று கர்னலே எழுதி வைத்திருக்கும். "கான்ட்ராக் டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட்" என்று இருந்தால் கதை வேறு: திணறுவது வெப்சர்வர் அல்ல, அதைக் காக்க நீங்கள் போட்ட பயர்வால். வரும் ஒவ்வொரு கனெக்‌ஷனையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது, நோட்டில் பக்கம் தீர்ந்துவிட்டது. அப்போது அட்டவணையின் உச்ச வரம்பை உயர்த்துங்கள். வேண்டாத பாக்கெட்டை லினக்ஸ் பயர்வாலான ஐபிடேபிள்ஸின் "ரா" அட்டவணையிலேயே, நோட்டில் ஏறும் முன்பே, கீழே போடுங்கள்.

கடைசியாக ஒரு சாம்பிள். "டிசிபிடம்ப்" கொண்டு ஆயிரம் பாக்கெட்டைப் பிடித்து ஃபைலில் சேமியுங்கள். "மைனஸ் என்என்" சேர்க்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் திரையில் காட்டும்போது ஒவ்வொரு ஐபிக்கும் பெயர் கேட்டு டிஎன்எஸ்ஸுக்கு ஓடி, இருக்கிற நெரிசலில் தானும் ஒரு பங்கு சேர்க்கும். இந்த ஃபைல் பின்னால் பொன்.

கூட்டமா, குண்டர்களா?

ரிசல்ட் வரும் நாளில் தேர்வுத் துறை சைட் திக்குவது எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் தாக்கவில்லை, எல்லோரும் ஒரே நிமிடத்தில் கதவைத் தட்டுகிறார்கள், அவ்வளவுதான். உங்களுக்கும் விளம்பரம் வெளியானதாலோ, எவரோ பெரிய புள்ளி லிங்க்கைப் பகிர்ந்ததாலோ கூட்டம் வந்திருக்கலாம். வித்தியாசம் அக்ஸஸ் லாகில் தெரியும். மனிதர் ஒரு பக்கத்தைத் திறந்தால் கூடவே படம், ஸ்டைல்ஷீட், ஐகான் எல்லாம் இறங்கும். பிறகு வேறொரு பக்கம் போவார். தாக்குபவன் அனுப்பும் கருவி படத்தைப் பார்க்காது. ஒரே முகவரியை, பெரும்பாலும் தேடல் பக்கத்தையோ லாகினையோ, தட்டிக்கொண்டே இருக்கும். வரைபடத்தின் வடிவமும் வேறு. கூட்டம் மேடு ஏறுவது போல ஏறும், தாக்குதல் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும். தேடுபொறி பாட் ஒன்று ஃபில்டர் லிங்க்குகளில் சிக்கிக்கொண்டு நாளெல்லாம் சுற்றுவதும் உண்டு. அதற்குப் போலீஸ் வேண்டாம், வேகக் கட்டுப்பாடு போதும்.

லாகில் அதிகம் வரும் ஐபிகளை வரிசைப்படுத்தும் முன் ஒரு எச்சரிக்கை. சைட்டுக்கு முன்னால் சிடிஎன் (வருகிறவர்களை உங்கள் சார்பில் முதலில் எதிர்கொள்ளும் இடைச் சர்வர்களின் வலை) இருந்தால் லாகில் தெரிவது சிடிஎன்னின் ஐபிகள். வருகிறவரின் உண்மையான ஐபி ஹெடரில் இருக்கும். அதை எடுத்து லாகில் எழுதும்படி வெப்சர்வரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இது தெரியாத காலத்தில், லாக் பட்டியலின் உச்சியில் நின்ற பத்து ஐபிகளைத் தடுத்துவிட்டு வெற்றிப் புன்னகையோடு எழுந்தேன். அட்டாக் நின்றது, சைட்டும் நின்றது. நான் தடுத்தது எனக்குக் காவல் நின்றவர்களை.

சின் ஃபிளட்டை நிறுத்துவது

1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பேனிக்ஸ் என்ற இன்டர்நெட் நிறுவனத்தைப் பல நாள் முடக்கிப்போட்டது இந்த வகைதான். டிசிபியில் பேச்சு தொடங்க மூன்று படி: அவர் "சின்" அனுப்புவார், நாம் "சின்-ஆக்" சொல்லி ஒரு இடம் ஒதுக்குவோம், அவர் "ஆக்" சொன்னால் கனெக்‌ஷன். போலி முகவரியிலிருந்து முதல் படியை மட்டும் அனுப்பிக்கொண்டே இருந்தால் ஒதுக்கிய இடமெல்லாம் காத்துக்கிடக்கும். அதே ஆண்டு டேனியல் பெர்ன்ஸ்டைன் சொன்ன சின் குக்கீ யோசனை அழகானது: இடத்தையே ஒதுக்காதே. தேவையான விவரத்தை நீ அனுப்பும் பதிலின் வரிசை எண்ணுக்குள்ளேயே மடித்துக் கொடுத்துவிடு. நிஜ ஆள் அதைத் திருப்பிக் கொண்டுவருவார், அப்போது இலை போடு.

இன்றைய லினக்ஸில் இது இருக்கிறது, வரிசை நிரம்பியதும் தானாக விழித்துக்கொள்ளும். "சிஸ்கன்ட்ரோல்" மூலம் "டிசிபி சின்குக்கீஸ்" 1 என்று இருக்கிறதா பாருங்கள்; பழைய "ஆப்டிமைஸ்" ஸ்கிரிப்ட் எதையோ நம்பி யாரோ அணைத்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். காத்திருக்கும் வரிசையின் நீளமான பேக்லாக் வரம்பையும் கொஞ்சம் உயர்த்துங்கள். இதில் அனுப்புகிறவரின் ஐபியைத் தேடித் தடுப்பது வெட்டி வேலை. முகவரி போலி, அடுத்த நொடி வேறு வரும்.

குழாயே நிரம்பினால்

சாம்பிள் ஃபைலைத் திறந்து யுடிபி பாக்கெட்டுகள் எந்தப் போர்ட்டிலிருந்து புறப்பட்டு வருகின்றன என்று பாருங்கள். 53 என்றால் டிஎன்எஸ், 123 என்றால் நேரம் சொல்லும் என்டிபி, 1900 என்றால் வீட்டுக் கருவிகள் ஒன்றையொன்று தேடும் எஸ்எஸ்டிபி, 11211 என்றால் தகவலை நினைவகத்தில் வைத்துத் தரும் மெம்கேஷ்டு. தாக்குபவன் உங்கள் முகவரியைத் தன் முகவரி என்று பொய் சொல்லி, திறந்து கிடக்கும் இந்தச் சேவைகளிடம் சின்னக் கேள்வி கேட்கிறான். பெரிய பதில் உங்கள் வீட்டு வாசலில் வந்து விழுகிறது. மெம்கேஷ்டில் 15 பைட் கேள்விக்கு 750 கிலோபைட் பதில்வரை வாங்க முடிந்தது. 2018 பிப்ரவரி 28 அன்று கிட்ஹப் மீது நொடிக்கு 1.35 டெராபிட் பாய்ந்தது இந்த வழியில்தான். அவர்கள் சர்வரில் உட்கார்ந்து மல்லுக்கட்டவில்லை. வரும் போக்குவரத்தை ரூட்டிங்கில் அகமாய் நிறுவனத்தின் பெரிய குழாய்களுக்குத் திருப்பிவிட்டு, ஏறத்தாழ பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டார்கள்.

உங்களுக்கும் விதி அதுதான். குழாய் நிரம்பியபின் சர்வரில் பயர்வால் விதி போட்டால், தெரு அடைபட்ட பிறகு வாசலில் காவலாளி வைத்த கதை. போன் எடுங்கள், லிங்க் கொடுத்தவரின் நாக்கைப் பிடியுங்கள் (நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டரைத்தான் சொல்கிறேன்). அங்கே என்ன சொல்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "சார், நெட் ரொம்ப ஸ்லோ" என்றால் "மோடத்தை ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றுதான் பதில் வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"சார், எங்க 100 எம்பி லிங்க் ராத்திரி 9:42லேர்ந்து ஃபுல். டார்கெட் ஒரே ஐபி. எல்லாம் யுடிபி, சோர்ஸ் போர்ட் 123, சராசரி 460 பைட். எங்களுக்கு வெளியிலேர்ந்து என்டிபி பதில் தேவையில்லை. உங்க எட்ஜ்ல சோர்ஸ் 123ஐ இந்த ஐபிக்கு மட்டும் டிராப் பண்ண முடியுமா? பாக்கெட் சாம்பிள் பீகேப் ஃபைல் மெயில்ல அனுப்பிட்டேன்."

எதிர்முனையில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அவராலும் முடியாத அளவு என்றால் பிளாக்ஹோல் செய்யச் சொல்லலாம்: அந்த ஐபிக்கு வரும் எல்லாவற்றையும் மேலிருந்தே குப்பையில் போடுவது. சொந்தமாக பிஜிபி (நெட்வொர்க்குகள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் முறை) ஓட்டுபவர்கள் 65535:666 என்ற கம்யூனிட்டி அடையாளத்தைச் சேர்த்து இதை அறிவிக்கலாம். மேலே இருப்பவர் அதை ஏற்கிறாரா என்று முன்பே கேட்டு வையுங்கள். தாக்குபவன் கேட்டதை நாமே கொடுப்பது போலத்தான். ஆனால் ஒரே லிங்க்கில் இருக்கும் மற்ற இருபது சர்வர்கள் பிழைக்கும். சைட்டை வேறு ஐபிக்கு மாற்றி அதற்குமுன் சிடிஎன்னை நிறுத்துவது அடுத்த வேலை. பழைய பதிலை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிஎன்எஸ் டிடிஎல் ஒரு நாள் என்று கிடந்தால் அந்த மாற்றம் உலகுக்குத் தெரிய ஒரு நாள் ஆகும். 300 நொடி என்று இன்றைக்கே குறைத்து வைத்துவிடுங்கள்.

சிடிஎன்னுக்குப் பின்னால் போனபின் பழைய ஐபியையே வைத்துக்கொள்வது வீடு மாறாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றியது போலத்தான். பழைய டிஎன்எஸ் பதிவிலும், மெயில் ஹெடரிலும், மறந்துபோன சப்டொமைனிலும் அந்த ஐபி எழுதியிருக்கும். புது ஐபி வாங்குங்கள், பயர்வாலில் சிடிஎன்னின் முகவரிகளுக்கு மட்டும் வழி விடுங்கள்.

இலைமுன் நடக்கும் தொல்லை

என்ஜின்எக்ஸ் என்ற வெப்சர்வரில் "லிமிட் ரெக்" என்று ஒரு வசதி. ஒரு ஐபிக்கு நொடிக்கு இத்தனை கோரிக்கை என்று வரம்பு கட்டும். சைட் முழுவதற்கும் ஒரே வரம்பு வைக்காதீர்கள். படங்களுக்குத் தாராளம், தேடலுக்கும் லாகினுக்கும் சிக்கனம். தேடல் பக்கத்தை ஒரு நிமிடம் கேஷ் செய்தாலே டேட்டாபேஸ் மூச்சு விடும் என்பதையும் பலமுறை பார்த்துவிட்டேன். ஹெச்டிடிபி-2 சர்வர் பழையதாக இருந்தால் அப்டேட் செய்யுங்கள். 2023இல் கூகுள் மீது நொடிக்கு 39.8 கோடி கோரிக்கைகள் விழுந்த "ரேபிட் ரீசெட்" தாக்குதல், கோரிக்கையைத் திறந்த கையோடு ரத்து செய்யும் ஓட்டையைப் பயன்படுத்தியது.

தனி ஐபிகளைத் தடுப்பதில் நிதானம் வேண்டும். நம் ஊர் மொபைல் இணைப்புகளில் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் ஏராளமான பேர் இருப்பார்கள். கல்லூரி விடுதிக்கே ஒரு ஐபி இருக்கும். ஒரு போக்கிரிக்காக ஒரு தெருவையே பூட்டிவிடாதீர்கள்.

இலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் ரகத்துக்கு ஸ்லோலாரிஸ் என்று பெயர், 2009இல் வெளிவந்தது. ஒரு லேப்டாப் போதும். கோரிக்கையை ஒரு ஹெடர் வரி, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வரி என்று சொட்டுச் சொட்டாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்பாச்சி வெப்சர்வரின் சர்வர்-ஸ்டேட்டஸ் பக்கத்தில் வரிசை முழுக்க "ஆர்" என்ற எழுத்தாக நின்றால் இதுதான்; படித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒவ்வொரு வேலையாளும் சொல்கிறான், படிக்க ஒன்றும் வந்தபாடில்லை. "ரெக்டைம்அவுட்" மாட்யூலில் ஹெடருக்குக் கெடு வையுங்கள். அல்லது முன்னால் ஒரு என்ஜின்எக்ஸை நிறுத்துங்கள்.

தாக்குவது நீங்களாகவும் இருக்கலாம்

ஒரு சிறு கம்பெனியில் "எங்களை யாரோ அட்டாக் பண்றாங்க" என்றார்கள். வரவைப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அப்லோட் மட்டும் முட்டிக்கொண்டு நின்றது. சுவிட்சின் ஒரு விளக்கு மட்டும் இடைவிடாமல் துடித்தது. அந்தக் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனால் வரவேற்பறை மேஜைக்கு அடியில், தூசி படிந்த சிசிடிவி டிவிஆர். பாஸ்வேர்ட், பெட்டியில் அச்சடித்து வந்ததே. கேபிளைப் பிடுங்கியதும் ஆபீஸ் உயிர்த்தது. 2016இல் மிராய் என்ற தீநிரல் இப்படித்தான் ஊர் ஊராகக் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது: அறுபது சொச்சம் ஃபேக்டரி பாஸ்வேர்ட் ஜோடிகளை வைத்துக் கதவைத் தட்டியது, திறந்தது. அந்த அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை அது சாய்த்தபோது ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்கு வரவில்லை. உங்கள் டிஎன்எஸ், என்டிபி, மெம்கேஷ்டு வெளியுலகுக்குத் திறந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ரிப்போர்ட்டும் பின்வேலையும்

இந்தியாவில் இருந்தால், 2022 ஏப்ரல் 28ஆம் தேதி உத்தரவின்படி டிடாஸ் தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். முன்பு சேமித்த சாம்பிள் இங்கே உதவும். பணம் கேட்டு மிரட்டல் மெயில் வந்திருந்தால் பதில் போடாமல் அதையும் இணையுங்கள். "நாமும் திருப்பி அடிப்போம்" என்று யாராவது கிளம்பினால் உட்கார வையுங்கள். எதிரே தெரிவது போலி முகவரியோ, இன்னொரு வரவேற்பறை டிவிஆரோதான். அதோடு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆவது பிரிவு, 3 ஆண்டுவரை சிறை என்பது, உங்களுக்கும் பொருந்தும்.

நின்றுவிட்டது என்று எல்லா விதிகளையும் உடனே எடுத்துவிடாதீர்கள். அரை மணி கழித்து மறுபடி தட்டிப் பார்ப்பார்கள். அதற்காக என்றென்றைக்கும் வைத்திருக்கவும் கூடாது. ஐபிகளைப் பட்டியலாக வைத்துத் தடுக்கும் "ஐபிசெட்" கொண்டு தடுத்தால் டைம்அவுட் கொடுக்கலாம். நேரம் முடிந்ததும் தானே உதிர்ந்துவிடும். இதை நான் கற்றுக்கொண்டது ஆறு மாதம் தாமதமாக. "எங்க ஊர்ல மட்டும் உங்க சைட் வர மாட்டேங்குதுங்க" என்று ஒரு வாடிக்கையாளர் மூன்றாவது முறையாக போன் செய்தபோது பயர்வாலைத் திறந்து பார்த்தேன். எந்த இரவிலோ அவசரத்தில் நான் போட்ட ஒரு "ஸ்லாஷ் 16" தடை, 65,536 முகவரிகளுக்கும் கதவைச் சாத்தியபடி அப்படியே இருந்தது. எதற்குப் போட்டேன் என்று ஒரு வரி குறிப்புகூடப் பக்கத்தில் இல்லை.